சொட்டு மருந்தோட முழு பலன் குழந்தைக்குக் கிடைக்க என்ன பண்ணணும்

முதல் விஷயம், எந்த டோஸையும் விடாதீங்க. பிறந்ததும் போலியோ சொட்டு, அப்புறம் 6, 10, 14 வாரத்துல போலியோவும் ரோட்டாவும் (ரோட்டாங்கிற வைரஸால வர்ற வயித்துப்போக்குக்கான சொட்டு). ஒண்ணு ரெண்டு குடுத்தாச்சே போதும்னு நிறைய பேர் நிறுத்திடுறாங்க, நம்ம ஊர்ல அது போதாது.

ஏன்னா வாய்வழி மருந்து எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி வேலை செய்யறதில்ல. ரோட்டா மருந்து ஐரோப்பா, லத்தீன் அமெரிக்காவுல கடுமையான ரோட்டா வயித்துப்போக்க 85 சதவீதமோ அதுக்கு மேலயோ தடுத்துச்சு, ஆப்பிரிக்க நாடான மலாவில 49 தான், நம்ம நாட்டுல தயாரான ரோட்டா சொட்டு ரோட்டாவேக்க டெல்லி, புனே, வேலூர்ல சோதிச்சப்ப முதல் வருஷத்துல 56. போலியோ சொட்டும் அப்படித்தான், உத்தரப் பிரதேசத்துல பத்து டோஸுக்கு மேல குடிச்ச குழந்தைக்குக்கூட போலியோ வந்திருக்கு.

மருந்து மேல தப்பு இல்லங்க. சொட்டுல இருக்குறது பலவீனமாக்கின உயிருள்ள வைரஸ், அது குடல்ல பெருகினாதான் எதிர்ப்பு சக்தி வரும், ஆனா சுத்தமில்லாத தண்ணியும் திறந்தவெளி மலமும் இருக்குற இடத்துல குழந்தையோட குடல்ல ஏற்கனவே வேற வைரஸ்கள் உக்காந்திருக்கும், கிருமி திரும்பத் திரும்ப பட்டு குடலோட உள்சுவரும் பழுதாகியிருக்கும், அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி வேற முதல் டோஸ அமுக்கிடும். அப்போ கிருமிய ஒழிச்சுட்டு சொட்டு குடுக்கலாமேன்னு தோணும். வேலூர்லயே அசித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் குடுத்துப் பாத்தாங்க, குடல் கிருமி குறைஞ்சுது, சொட்டோட பலன் கூடல. அதனால நீங்களா ஆன்டிபயாடிக் எதுவும் குடுக்காதீங்க, ப்ளீஸ்.

தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். சொட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் பால் குடுக்காம டெல்லில சோதிச்சாங்க, வித்தியாசமே இல்ல. குழந்தை உடனே துப்பிட்டாலோ வாந்தி எடுத்தாலோ அங்கயே நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க, திரும்பக் குடுக்கணுமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. குப்பி லேபிள்ல வட்டத்துக்குள்ள சின்ன சதுரம் இருக்கும், சதுரம் வட்டத்த விட வெளுப்பா இருந்தாதான் மருந்து சூடு படாம வந்திருக்குன்னு அர்த்தம். காட்டச் சொல்லிக் கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

போலியோ ஊசிய மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. 6 வாரம், 14 வாரம், 2023ல இருந்து 9 மாசத்துலயும் போடுறாங்க. ஊசி குடல நம்பி இல்ல, சொட்டு வேலை செய்யாத குழந்தையையும் அது காப்பாத்தும்.

பாதிதான் பலன்னா எதுக்கு ரோட்டா குடுக்கணும்னு கேக்குறவங்களுக்கு: மலாவில சதவீதம் தென்னாப்பிரிக்காவ விட ரொம்பக் கம்மி, ஆனா 100 குழந்தைக்கு வருஷத்துக்குத் தடுத்த கடுமையான கேஸ் மலாவில கிட்டத்தட்ட 7, தென்னாப்பிரிக்காவுல 4. நோய் அதிகமா இருக்குற இடத்துல பாதி பலனே அவ்ளோ பெருசு.

மீதி பாதிக்கு வீட்டுல ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வச்சுக்கோங்க, வயித்துப்போக்கு வந்தா அதோட ஜிங்க் 14 நாள், நடுவுல நின்னுட்டாலும் முழுசா குடுக்கணும். கண்ணு உள்ள போனாலோ, குழந்தை துவண்டு போய் பால் குடிக்காம இருந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.