தாமிரபரணிக் கரைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு இளவட்டக் கூட்டம் ஆற்று நடுவில் இருந்த பாறையில் ஏறிப் போர்வை விரித்து, பொட்டலத்தைப் பிரித்தது. கரையில் நின்று கத்திப் பார்த்தேன், கை காட்டிச் சிரித்தார்கள். பல வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் சிரித்தேன். ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யார் யாரையோ இந்தக் கரையில் கூட்டிக்கொண்டு திரிகிறவன் என்பதால், வழக்கமாகச் சொல்லித் தொண்டை வறள்கிற சிலவற்றை எழுதி வைக்கிறேன். தொப்பி, தண்ணீர் பாட்டில் பட்டியலெல்லாம் இதில் கிடையாது.

மலை முதல் கடல் வரை ஒரே நாளில்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும் வரை ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். செல்போன் வரைபடத்தில் விரலால் இழுத்தால் முடிந்துவிடுகிறது. காலையில் பாபநாசம், மதியம் நவதிருப்பதி, சாயங்காலம் கொற்கை என்று திட்டம் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

மதியம் கோயில்கள் நடை சாத்தும் என்பதைத் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. நானே ஒருமுறை பெரியம்மா, சித்திமார்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், நவதிருப்பதிக் கோயில்களில் ஒன்றான திருக்கோளூரில் சாத்திய கதவுக்கு முன்னால் வெயிலில் இறக்கிவிட்டேன். நடை திறக்கும்வரை பெரியம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதெல்லாம் மேற்கே ஒரு நாள், நெல்லை நகரத்துக்கு ஒரு நாள், கிழக்கே ஒரு நாள். உச்சி வேளைக்குக் கதவில்லாத இடங்களாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: மருத மர நிழல், வாய்க்கால் கரை, அணைக்கட்டுப் பக்கம்.

வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிப்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அது ஒரு ஆடி மாதம். அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், சுள்ளென்று வெயில், கூடவே தென்றல். மூன்று பேர் முழங்கால் தண்ணீரில் நடந்து பாறைக்குப் போனோம். புளியோதரையைப் பிரித்தோம். நண்பனிடம் இரவல் வாங்கிய கேமரா என் தோள் பையில். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி, “எய்யா, தண்ணி கலங்கி வருது, ஏறி வாங்க” என்றார். “இந்தா சாப்பிட்டுட்டு வாரோம் ஆச்சி” என்றேன். சாப்பிட்டு எழுந்தபோது முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறினோம். நடுவில் கால் இடறி, பை தோளிலிருந்து நழுவிப் போய்விட்டது. கேமரா கடனைப் பத்து மாதம் அடைத்தேன். அன்று அம்பையில் ஒரு தூறல்கூட இல்லை.

கோபம் கேமராவுக்காக இல்லை. அந்த ஆச்சி சொன்னதைக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இந்த ஆற்றுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் தண்ணீர் தருகின்றன. ஆனி, ஆடியில் மழை மலைமேல் கொட்டும். கீழே நமக்குக் காற்றும் சாரலும்தான், பல நாள் அதுவும் இல்லை. அதோடு மேலே பாபநாசம் அணை, சேர்வலாறு அணை இருக்கின்றன. மின் உற்பத்திக்கு எவ்வளவு விடுகிறார்கள், கார் நெல் சாகுபடிக்கு எவ்வளவு விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஆறு ஏறும், இறங்கும். கல்லிடைக்குறிச்சி அருகே மணிமுத்தாறு வந்து சேரும். திருப்புடைமருதூரில் கடனாநதி சேரும். எந்தத் தண்ணீர் எப்போது கூடும் என்று தலைக்கு மேலே உள்ள நீல வானம் சொல்லாது.

ஆற்றுத் தண்ணீரையே பார்க்க வேண்டும். உட்காரும் முன் தண்ணீர் தொடும் படியில் ஒரு கல்லை வையுங்கள். சற்று நேரம் கழித்து அந்தக் கல் நனைந்திருந்தால் எழுந்துவிடுங்கள். சருகும் செத்தையும் திடீரென்று கூட்டமாக மிதந்து வந்தாலும், தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலும் அப்படியே. துவைப்பவர்களும் மாடு குளிப்பாட்டுகிறவர்களும் மூட்டை கட்டினால் நீங்களும் கட்டுங்கள், காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

அணைக்கட்டு விஷயம் இன்னும் மோசம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியான திருவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு மிக முந்தியவை. பார்க்க வேண்டியவைதான், கரையில் நின்று. அணைக்கு மேல் பக்கம் குளம்போல அசையாமல் கிடக்கும், ஆழம் தெரியாது. சுவரின்மேல் கணுக்கால் அளவுதான் வழியும், அடியில் பாசி. கீழ்ப் பக்கம் தண்ணீர் விழுந்து விழுந்து தோண்டிய பள்ளம். போட்டோவுக்காக அந்தச் சுவர்மேல் நடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் போய்ப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் கோயில் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். முருகனே மேலே ஏறிப் போகிற ஆற்றில் நமக்கு என்ன பாறைமேல் விருந்து?

திருப்புடைமருதூரில் பறவையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது

2005இல் பறவைகளுக்காகக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. தெரு மரங்களிலேயே நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும். மரத்தடியில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்காதீர்கள். எச்சம் விழுந்தால் திட்டாதீர்கள், நாம்தான் விருந்தாளி.

பறவை பார்க்க வந்தவர்கள் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே திரும்பிவிடுகிறார்கள். உள்ளே மாடங்களில் மரச் சிற்பங்கள். சுவரெங்கும் பழைய ஓவியங்கள். குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கூட உண்டு. நினைத்த நேரத்தில் ஏறிவிட முடியாது, முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். சுவரைத் தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள்.

ஆதிச்சநல்லூரில் குனிந்து எடுப்பது

பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த மேடு அது. அந்தப் பரம்பில் எங்கு பார்த்தாலும் பானை ஓடுதான் என்று ஒன்றைப் பைக்குள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னோடு வந்த ஒரு அண்ணாச்சி சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ள ஒன்றை எடுத்தார். திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே வைத்தார். ஓட்டுத் துண்டு கிடந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டால் அது பேசுவது பாதிக்குமேல் போய்விடும். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கிருந்து பெர்லினுக்கு எடுத்துப் போனதே போதும். 2023இல் திறந்த தள அருங்காட்சியகத்தில், தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அங்கே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள்.

பாபநாசத்தில் துணியை ஆற்றில் விடுவது

விடாதீர்கள். அடுத்தவன் காலில் சுற்றும்.

வனச் சோதனைச் சாவடியில் வாதாடுவது

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். போன வருடம் விட்டார்களே என்றால் இந்த வருடம் விட மாட்டார்கள். கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையார் சொரிமுத்து ஐயனார் கோயில் பக்கம் காடு பார்க்கப் போகாதீர்கள், கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள்.

கொற்கையில் துறைமுகம் தேடுவது

பாண்டியர் துறைமுகம், முத்து என்று படித்துவிட்டு வந்து, “கடல் எங்கே?” என்கிறார்கள். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் பல கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது குளம், வயல், வாழை, ஒரு பழைய வன்னி மரம். சரி, மரத்தடியில் சற்று உட்கார்ந்துவிட்டு, பொழுது சாயும் முன் புன்னைக்காயலுக்கு வண்டியை விடுங்கள். கடல் அங்கேதான் இருக்கிறது.