ஸ்மார்ட் பல்பு: ஆப்பைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

ஸ்மார்ட் பல்பு அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது என்று யாராவது சொன்னால், சுவரில் இருக்கிற சுவிட்சை வீட்டில் யாராவது அணைக்கிறார்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். அறையை விட்டு வெளியே வரும்போது அம்மாவின் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும், பல வருடப் பழக்கம், அதில் தப்பே இல்லை. ஆனால் சுவிட்சை அணைத்தால் விளக்கு மட்டும் அணைவதில்லை, பல்புக்குள் இருக்கிற வைஃபை சிப்புக்கும் சேர்த்துக் கரண்ட் நின்றுவிடுகிறது, அப்புறம் நீங்கள் ஆறரை மணிக்கு எரிய வேண்டும் என்று வைத்த நேர அட்டவணை யாருக்குப் போய்ச் சேரும்?

ஜிக்பீ பல்பாக (வைஃபைக்குப் பதிலாக, வீட்டுச் சாதனங்களுக்கென்றே இருக்கிற வேறொரு வயர்லெஸ் முறை) இருந்தால் பாதிப்பு இன்னும் பெரிது. பெரும்பாலான ஜிக்பீ பல்புகள் பக்கத்தில் இருக்கிற சென்சார், பட்டன் போன்றவற்றின் சிக்னலையும் வாங்கி ஹப்புக்கு, அதாவது எல்லாச் சாதனங்களையும் இணைக்கிற நடுப்பெட்டிக்கு, கடத்துகின்றன. ஹாலில் ஒரு சுவிட்சை அணைத்தால் படுக்கையறை சென்சார் காணாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அதனால் பல்பு வாங்கும் முன்பே அறைவாரியாக முடிவு செய்துகொள்ளுங்கள். நிறம் மாற்ற வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்கிற இடத்துக்கு ஸ்மார்ட் பல்பு, கூடவே சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிற, பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டன். எல்லோரும் வந்து போகிற இடங்களில், அதாவது சமையலறை, குளியலறை, மாடிப்படி போன்றவற்றில், சாதாரண எல்.இ.டி. பல்பையே விட்டுவிட்டு சுவிட்சுக்குப் பின்னால் ஸ்மார்ட் ரிலே (போனிலிருந்து கரண்டைப் போட்டு அணைக்கிற சின்னக் கருவி) வைப்பதுதான் சரி. அப்போது சுவரிலும் போடலாம், போனிலும் போடலாம். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். நம் வீட்டு போர்டுகளில் சுவிட்சோடு பிளக் பாயிண்டும் சேர்ந்திருந்தால் நியூட்ரல் வழக்கமாக அங்கேயே இருக்கும், இருந்தாலும் எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஸ்மார்ட் பல்பையும் ரிலேயையும் ஒரே லைனில் மாட்டிவிடாதீர்கள், ரிலே அணைந்தால் பல்புக்குக் கரண்ட் நின்றுவிடும், பழைய பிரச்சினையே திரும்ப வரும். டிம்மர் இருக்கிற லைனிலும் ஸ்மார்ட் பல்பு வேண்டாம், மினுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். ஹோல்டர் பின் மாடலா (பி22), திருகு மாடலா (இ27) என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வைஃபை. சந்தையில் உள்ள வைஃபை பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் வேலை செய்பவை. ரவுட்டர் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும், போன் 5-இல் உட்கார்ந்திருக்கும், ஆப்போ பல்பைத் தேடிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் போய் 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு இணையுங்கள், முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தாலும் பல பல்புகள் உள்ளே வராது, 2-உம் 3-உம் கலந்த முறைக்கு மாற்றுங்கள். பல்பை கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக வைக்கிற வைஃபை) போட்டால் இன்டர்நெட் வழியாக வேலை செய்வது போலத் தெரியும், ஆனால் அந்த நெட்வொர்க் மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தால் வீட்டுக்குள் இருக்கிற ஹப்பின் கண்ணுக்கு அது தெரியாது.

ரவுட்டர் மாற்றும்போது ஒரு பெரிய வேலையை மிச்சப்படுத்தலாம்: பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புதிய ரவுட்டருக்கும் வையுங்கள், பல்புகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து நடத்தும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பல்புக்கும் ரவுட்டரிலேயே நிலையான ஐபி, அதாவது மாறாத நெட்வொர்க் முகவரி, ஒதுக்கிவிடுவது நல்லது.

கரண்ட் கட் விஷயத்தைப் பெட்டியில் வருகிற கையேடுகள் அவ்வளவாகப் பேசுவதில்லை, நமக்கோ அது அன்றாடம். நிறைய பல்புகள் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் ஃபேக்டரியிலிருந்து வருகின்றன. ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்து குழந்தை தூங்குகிற அறை பளீரென்று ஆகிவிட்டால் வீட்டில் அந்தப் பல்புக்கு இடம் இருக்காது. ஆப்பில் ‘கரண்ட் வந்ததும் என்ன செய்ய வேண்டும்’ என்பதற்குப் பெரும்பாலும் ஒரு செட்டிங் இருக்கும், அதைக் ‘கடைசி நிலை’ என்று மாற்றுங்கள். இன்னொன்று, பல பல்புகளை ரீசெட் செய்கிற வழியே சுவிட்சைத் தொடர்ந்து சில தடவை போட்டு அணைப்பதுதான். கரண்ட் விட்டுவிட்டு வந்தாலும் பல்புக்கு அது ரீசெட் போலவே தெரியும், இணைப்பை மறந்துவிட்டு மினுக்க ஆரம்பிக்கும். விளக்கு இன்வெர்ட்டரில் இருந்து ரவுட்டர் மட்டும் வெளியே இருந்தால், விளக்கு எரியும், போனிலிருந்து அணைக்க முடியாது. ரவுட்டரையும் ஹப்பையும் இன்வெர்ட்டர் லைனுக்குக் கொண்டுவாருங்கள்.

விலையை மட்டும் பார்த்து, கம்பெனி சர்வர் இல்லாமல் நகராத பல்பை வாங்குவதுதான் எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற தவறு. ஓஸ்ராம் நிறுவனம் தன் லைட்டிஃபை ஸ்மார்ட் பல்புகளுக்கான சர்வர்களை 2021 ஆகஸ்ட் கடைசியில் மூடியது. அந்தப் பல்புகள் ஜிக்பீ என்பதால் வேறு ஹப்புக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. சர்வரை மட்டும் நம்புகிற வைஃபை பல்புக்கு அந்த வழியும் இருக்காது. 2022 அக்டோபரில் வெளியான, பல கம்பெனிகளுக்கும் பொதுவான மேட்டர் தரம் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே கட்டுப்படுத்துவதற்காக வந்தது, பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது த்ரெட் வகையா வைஃபை வகையா என்பதும் முக்கியம். த்ரெட் (ஜிக்பீ மாதிரியே இன்னொரு வயர்லெஸ் முறை) என்றால் அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கிற பார்டர் ரவுட்டர் வசதியுள்ள ஒரு சாதனம், உதாரணமாக ஆப்பிளின் ஹோம்பாட் மினி ஸ்பீக்கர், வீட்டில் இருந்தாக வேண்டும். இணைக்கும்போது கேட்கிற மேட்டரின் 11 இலக்கக் குறியீட்டைப் பல பல்புகளில் உடம்பிலேயே அச்சடித்திருப்பார்கள். மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள், ஃபால்ஸ் சீலிங்குக்குள் போனபிறகு ஏணி போட்டுத்தான் படிக்க வேண்டிவரும்.

மாட்ட வந்தவரின் போனில், அவர் கணக்கில் இணைக்க விடாதீர்கள். சில பல்புகளை முதலில் இணைத்தவரே நீக்கினால்தான் அடுத்தவர் சேர்க்க முடியும்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு பல்பை, ரவுட்டரிலிருந்து அதிக தூரத்தில் இருக்கிற அறையில் மாட்டி ஒரு வாரம் ஓடவிடுங்கள். நடுவில் மெயினை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு விளக்கு சொன்னபடி கேட்கிறதா என்றும் பாருங்கள். இரண்டிலும் தேறினால் மீதியை ஆர்டர் போடலாம்.