பழைய மரப்படகின் கசிவை நிறுத்திய விதம்
பழவேற்காட்டில் வாங்கிய 16 அடி மரப்படகை ஈஞ்சம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்து, நானும் என் மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழுதுபார்த்து வருகிறோம்.

மே மாத வெயிலில் பலகைகள் சுருங்கி, இணைப்புகளுக்கிடையே நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. அவற்றை எப்பாக்சி பசையால் இறுக அடைத்ததுதான் நான் செய்த பிழை. (வேண்டாம் என்று மனைவி அப்போதே சொன்னார்.) மரம் ஈரத்தை உறிஞ்சினால் நார்வாக்கில் அன்றிக் குறுக்குவாக்கில்தான் பருக்கும். நீரில் இறக்கிய மூன்றாம் நாள், பருத்த பலகைகளுக்கு இடமில்லாமல் போகவே, ஒரு பலகை சட்டத்திலிருந்து பெயர்ந்துவிட்டது.

காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரி ஒருவர் சொன்னபடி, பசை முழுவதையும் சுரண்டி எடுத்தோம். அதற்கே இரண்டு மாதம் போயிற்று. பிறகு நனைத்த சாக்குகளைப் படகின்மேல் பரப்பி, பத்து நாள் நீரூற்றி, இடைவெளி ஓரளவு குறுகியதும் மேற்பரப்பை உலரவிட்டு, பருத்தித் திரியை மழுங்கிய உளியால் மெதுவாகத் தட்டிச் செருகி, அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசினோம்.

துருவேறிய இரும்பு ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்திருந்ததால், அங்கெல்லாம் செப்பு ஆணிகளை அடித்தோம். ஆணியே இல்லாமல் தென்னைநார்க் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் ஓடிய கரையில் இவ்வளவு ஆணிகளோடு மல்லுக்கட்டியது எங்களுக்கே வேடிக்கையாக இருந்தது.

இப்போது நாளொன்றுக்கு அரை வாளி நீர்தான் கசிகிறது.