சுயமரியாதைத் திருமணம் நடத்துவது எப்படி: உறுதிமொழியிலிருந்து பதிவு வரை

ஐயர், அக்னி, முகூர்த்தம் எதுவும் இல்லாமல் தமிழ்நாட்டில் கல்யாணம் செய்யலாம். அது சட்டப்படி செல்லும். இந்த உரிமை எளிதாக வந்துவிடவில்லை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதற்குப் பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், இப்படி மணந்தவர்களின் குடும்பங்கள் சட்டப் பாதுகாப்பு இல்லாமலே வாழ்ந்தன. இத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 1953இல் தீர்ப்பளித்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இத்தகைய திருமணத்தை ஏற்கும் 7ஏ பிரிவை இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தத் திருத்தமே சொன்னது.

முதலில் எந்தச் சட்டம் என்று முடிவுசெய்யுங்கள்

இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துக்களாக இருந்தால்தான் 7ஏ பொருந்தும். பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம். இந்துக் குடும்பத்தில் பிறந்து கடவுள் நம்பிக்கை இல்லாதவரையும் சட்டம் இந்து என்றே எடுத்துக்கொள்ளும். அந்த அடையாளம் வேண்டாம் என்பவர்களுக்கும், ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருக்கும் இணையருக்கும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது.

கல்யாணத்துக்காக மட்டும் ஒருவரை மதம் மாறச் சொல்வது சரியல்ல. நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லிக்கொண்டு வாழ்க்கையைத் தொடங்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சட்டமும் அதைக் கேட்கவில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் இருவரும் அவரவர் நம்பிக்கையோடே இருக்கலாம். ஆனால் நாள் கணக்கு முக்கியம். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசிக்கும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 30 நாள் கழித்துத்தான் மணக்கலாம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மணம் முடியவில்லை என்றால் அது காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அலுவலர் முன்பும் மூன்று சாட்சிகள் முன்பும் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்பதாக வாய்விட்டுச் சொன்னால்தான் மணம் முழுமையாகும். மேடை விழா தனி.

எந்தச் சட்டமானாலும் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், உயிரோடு இன்னொரு துணை இருக்கக் கூடாது. ‘சடங்கே நடக்கவில்லை, அதனால் கல்யாணம் செல்லாது’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் ஏழடி வைக்காமல் தாலி கட்டிய திருமணமும் செல்லும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இருதார வழக்கு ஒன்றில்தான். திருநங்கையும் இந்து திருமணச் சட்டத்தில் மணமகளே என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது.

நாள், மண்டபம், அழைப்பிதழ்

நாள் குறிக்கப் பஞ்சாங்கம் வேண்டாம். வேண்டுமென்றே ராகு காலத்தில் வைப்பவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் மாலை 4.30 முதல் 6 வரை, வெளியூர்க்காரர்கள் வந்துபோக வசதியான நேரம்தான். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம்.

அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் சாதி வராமல் அச்சடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அது மணமக்கள் பெயரில் வராது, தாத்தா பெயரிலும் தாய்மாமன் பெயரிலும்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்பா பெயர் இருக்கும் இடத்தில் அம்மா பெயரும் இருக்கட்டும். ‘வாழ்க்கை இணையேற்பு விழா’ என்று தலைப்பிட்டாலும், இடமும் தேதியும் பிழையில்லாமல் இருக்கட்டும். பதிவு அலுவலகத்தில் இந்த அழைப்பிதழையே சான்றாகக் கேட்பார்கள்.

மேடையில்

வரவேற்பு, தலைமையுரை, உறுதிமொழி, மாலை மாற்றல், வாழ்த்துரை, நன்றி என்பதே வழக்கமான வரிசை. வாழ்த்துரைகளை உறுதிமொழிக்கு முன்னால் வைத்தால் கூட்டம் பசியில் கலைய ஆரம்பிக்கும், மணமக்கள் முகம் வாடும். தலைமை தாங்குபவருக்குப் பத்து நிமிடம், மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் மூன்று பேச்சாளர். இதை முன்கூட்டியே அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள். தலைமை தாங்க கட்சிப் பதவி தேவையில்லை. மணமக்களை அறிந்த ஆசிரியரோ, ஒரு வயதான பெண்மணியோ போதும். கைம்பெண் என்பதால் மேடையில் ஒதுக்கப்பட்டே வந்த அத்தை, சித்தி யாராவது குடும்பத்தில் இருந்தால், மாலையை எடுத்துக் கொடுக்க அவர்களையே அழையுங்கள். இந்த முறையின் உயிர் அங்கே இருக்கிறது.

7ஏ பிரிவுக்குச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக அறிவிப்பது, அல்லது மாலை மாற்றிக்கொள்வது, மோதிரம் போட்டுக்கொள்வது, அல்லது தாலி கட்டுவது. இவற்றில் ஒன்று போதும். ஆனாலும் உறுதிமொழியையும் மாலையையும் சேர்த்தே செய்யுங்கள். மாலை கண்ணுக்குத் தெரியும் சான்று, உறுதிமொழிதான் சம்மதம்.

உறுதிமொழியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கவிதையாக எழுதப்போய், ‘மணக்கிறேன்’ என்ற செய்தியே இல்லாமல் நட்பைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். அல்லது மணமகனுக்கு ஒரு வாசகமும் மணமகளுக்குப் பணிவிடை, பொறுமை என்று வேறொரு வாசகமும் இருக்கும். இருவருக்கும் ஒரே வாசகம் இருக்க வேண்டும். இதை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்:

“____ ஆகிய நான், ____ ஆகிய உங்களை என் கணவராக (மனைவியாக) மனமொப்பி ஏற்கிறேன். வீட்டு வேலையும் வருமானமும் முடிவுகளும் நம் இருவருக்கும் பொது. உங்கள் படிப்புக்கும் வேலைக்கும் நட்புக்கும் நான் தடையாக இருக்க மாட்டேன். நம் இருவரின் பெற்றோரையும் ஒன்றுபோல் மதிப்பேன். கருத்து மாறுபட்டால் பேசித் தீர்ப்பேன்.”

எப்போதும் ‘நீ’ என்று பேசிக்கொள்பவர்களானால் ‘உன்னை’ என்றே சொல்லலாம். இருவரும் அப்படியே சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம். முதல் நாளே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். தலைமை தாங்குபவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதானால், நான்கைந்து சொல்லாக உடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்; நீளமாகக் கொடுத்தால் பாதியில் தடுமாறி, கூட்டம் சிரித்துவிடும். இருவருக்கும் தனித்தனி மைக் வேண்டும். பெரிய எழுத்தில் இரண்டு படிகள் அச்சடித்து, முடிந்ததும் மணமக்களும் சாட்சிகளும் தேதியோடு கையெழுத்திடுங்கள்.

தாலி பற்றி வீட்டில் கட்டாயம் பேச்சு வரும். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஒருவர் கழுத்தில் மட்டும் ஏறும் அடையாளம் உடைமையின் அடையாளம் என்பதுதான் சுயமரியாதை இயக்கம் தொடக்கத்திலிருந்தே சொன்ன காரணம், அது இன்றைக்கும் சரியான காரணம். அம்மா கட்டாயப்படுத்தினால், இருவரும் ஒரே மாதிரிச் சங்கிலி போட்டுக்கொள்வது ஒரு வழி. முடிவு மணமகளுடையதாக இருக்க வேண்டும், மணமகனின் கொள்கைக்காக அவர் மீது எதையும் திணிக்கக் கூடாது. மேடையில் உறுதிமொழி சொல்லிவிட்டு, விடியற்காலை வீட்டுக்குள் ஐயரை வைத்து ரகசியமாகத் தாலி கட்டும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கூடியிருப்பவர்களிடம் சொன்ன சொல் பொய்யாகிவிடும். பெரியவர்களுக்கு வருத்தம் என்றால் முன்கூட்டியே நேராகப் பேசுங்கள்.

ஐயரை நீக்கிவிட்டு நகையையும் காரையும் வாங்கிக்கொள்வது சுயமரியாதை ஆகாது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலிருந்தே இருக்கிறது. 1985ஆம் ஆண்டு விதிகளின்படி, மணமக்களுக்கு வரும் பரிசுகளுக்குத் தனித்தனிப் பட்டியல் எழுத வேண்டும்: பொருள், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினரானால் உறவு, கடைசியில் மணமக்கள் கையெழுத்து. மொய் நோட்டு எழுதும் வீட்டில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

எதிர்ப்பு இருந்தால்

சாதி மாறி மணப்பவர்களுக்கு மண்டபமும் கூட்டமும் ஆபத்தாகலாம். ஊரறிய நடத்த வேண்டும் என்ற கட்டாயம் 7ஏ பிரிவில் இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் நண்பர்கள் முன்னிலையில் நடந்ததும் செல்லும், வழக்கறிஞரும் நண்பர் என்ற முறையில் சாட்சியாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாக்கியது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் அறிவிப்பு 30 நாள் அலுவலகத்தில் ஒட்டப்படும் என்பதால், மிரட்டல் இருப்பவர்கள் இருவரும் இந்துக்களானால் 7ஏ வழியே பாதுகாப்பு. இப்படிப்பட்ட இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பதிவு

7ஏ திருமணம் சடங்கு முடிந்ததுமே முழுமையானது. பதிவு அதற்குச் சான்று. அந்தச் சான்று இல்லாமல் கடவுச்சீட்டு, விசா, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் அலைய வேண்டிவரும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். இருவரின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், அழைப்பிதழ் எடுத்துக்கொண்டு சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம் செல்லுங்கள்.

வேலை நிற்பது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், பள்ளிச் சான்றிதழில் வேறு, இன்ஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒத்துப்பார்த்துத் திருத்திவிடுங்கள். புகைப்படக்காரரிடம், மாலை மாற்றும்போது மணமக்களோடு சாட்சிகளின் முகமும் தெரிய ஒரு படமாவது எடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, திருமணத் தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்; பிழை இருந்தால் பின்னர் திருத்துவது நீண்ட வேலை. மணமகள் பெயரையோ இன்ஷியலையோ மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, கேட்டால் அப்படியே விடச் சொல்லுங்கள்.