வெள்ளைப்படுதலும் கைவைத்தியமும்: எங்கே தவறுகிறோம்?

அரிப்பால் ராத்தூக்கம் கெடும், வாடைக்குப் பயந்து பக்கத்தில் யாரும் உட்காரக் கூசும், கணவரிடம்கூடச் சொல்ல முடியாது. பல பெண்கள் இப்படி மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். தப்பான மருந்தால் அந்தத் தவிப்பு இன்னும் நீள்கிறது.

மாதவிலக்குகளுக்கு நடுவில் வெள்ளை தெளிவாக, வழுவழுப்பாக இழுபட்டு வருவது இயல்புதான். எலும்பு உருகித்தான் அப்படி வருகிறது என்பார்கள், அது உண்மையில்லை. அரிப்பும் நாற்றமும் இல்லையென்றால் மருந்தே வேண்டாம்.

எல்லாமே பூஞ்சைதான் என்று கடையில் ஃப்ளூகோனசோல் 150 மி.கி. என்ற பூஞ்சை மாத்திரையை வாங்கிப் போடுவதுதான் பெரிய தவறு. தயிர்த் திப்பி மாதிரி கெட்டியாக வந்து அரித்தால் கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து வந்து, உடலுறவுக்குப் பிறகு மீன் கவிச்சி அடித்தால் பெரும்பாலும் பாக்டீரியல் வஜினோசிஸ், அதாவது பிறப்புறுப்புக்குள் கெட்ட பாக்டீரியா பெருகுவது. அதற்கு ஃப்ளூகோனசோல் கேட்காது. மருத்துவர்கள் வழக்கமாகத் தருவது மெட்ரோனிடசோல் 500 மி.கி., தினம் இரு வேளை, 7 நாள். வாடை நின்றதும் பாதியில் விடக் கூடாது.

பாக்டீரியல் வஜினோசிஸ் திரும்பத் திரும்ப வந்தால் 'சுத்தமில்லாதவள்' என்ற பழி பெண் மேல் விழுகிறது. அது அநியாயம். 2025இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதத்தினருக்குத் திரும்பியது. கணவர் அல்லது இணைக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 35 சதவீதமாகக் குறைந்தது. கணவருக்கும் மருந்து வேண்டுமா என்று கேளுங்கள்.

அந்தப் பழிக்குப் பயந்து சோப்பு, டெட்டால் தண்ணீர் விட்டுப் பிறப்புறுப்பின் உள்ளே கழுவினால் நிலைமை மோசமாகும். லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அங்கே அமிலத்தன்மையைக் காக்கிறது. கழுவக் கழுவ அது அழிந்து கெட்டது பெருகும். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

தோலில் வரும் படைக்கென்று விற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பையும் தடவாதீர்கள். அரிப்பு அடங்கும், தோல் மெலியும், பூஞ்சை பரவும்.

பூஞ்சைத் தொற்று வருடத்தில் மூன்று தடவை வந்தால் சர்க்கரை பாருங்கள். சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு, சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் பூஞ்சை எளிதில் வரும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தாங்களாகப் போடவே கூடாது. உள்ளே வைக்கும் மருந்துதான் அவர்களுக்கு.

அடிவயிற்று வலி, காய்ச்சல், உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் என்றால் தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரிடம் போங்கள். மற்ற நேரங்களில் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே உள்ளே மாத்திரை வைக்காதீர்கள், கழுவாதீர்கள். அப்போதுதான் எடுக்கும் மாதிரியில் கிருமி சரியாகத் தெரியும்.