விளக்கு அணைந்தால் வண்டி சரியாகிவிட்டதா?

சிவப்பு எரிந்தால் ஓரங்கட்ட வேண்டும், மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் வொர்க்‌ஷாப்பில் காட்ட வேண்டும், பச்சையும் நீலமும் வெறும் தகவல். இது எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுவோம். பத்துப் பன்னிரண்டு வருடம் பழைய வண்டி ஓட்டிவிட்டு, கேமராவும் ரேடாரும் வைத்து, பிரேக் போடவும் லேனில் நிற்கவும் தானே உதவும் அடாஸ் காருக்கு மாறுகிறவர்கள் செய்யும் தவறுகள் வேறு ரகம். பெரும்பாலும் நல்லது செய்வதாக நினைத்தே செய்கிறார்கள். விளக்கு எரிந்தால் கோளாறு, அணைந்தால் சரி என்ற பழைய கணக்கைப் புது வண்டிக்கும் போடுவதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. தெருமுனை மெக்கானிக் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு, டீ குடித்து வந்து திரும்ப மாட்டுகிறார். விளக்கு போய்விட்டது, வண்டிக்காரருக்கும் மகிழ்ச்சி. பல புது வண்டிகளில் இந்த வித்தை பலிப்பதே இல்லை. பலித்தால்தான் ஆபத்து. எஞ்சின் கம்ப்யூட்டர் எழுதிவைத்திருந்த கோளாறுக் குறியீடும், கோளாறு வந்த நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்ற பதிவும் விளக்கோடு சேர்ந்து போய்விடும். கோளாறு மட்டும் அங்கேயே இருக்கும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் பக்கம், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரை மாட்டி முதலில் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள், அழிப்பதெல்லாம் பிறகு. பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியவில்லை என்று அர்த்தம். பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் என்று தேடவேண்டிய இடம் சுருங்கிவிடும்.

இதே விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் தள்ளிப்போடக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும். அதில் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவை அங்கே கொண்டுபோய் விட வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஓரமாக நிறுத்துங்கள், டோ வண்டிக்குச் சொல்லுங்கள்.

காற்று பார்க்காமல் டயர் விளக்கை ரீசெட் செய்வது

ஒவ்வொரு டயருக்கும் தனியாகக் காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில் காட்டும் கார் என்றால் உள்ளே சென்சார் இருக்கிறது. வெறும் விளக்கும் ரீசெட் பட்டனும் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரை வைத்துப் போடும் கணக்கு. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும், அந்த வித்தியாசத்தில்தான் விளக்கு வருகிறது. ரீசெட்டை அமுக்குவது, ‘இப்போது இருப்பதே சரியான அளவு’ என்று வண்டிக்குச் சொல்வது. 24 பிஎஸ்ஐ இருக்கும்போது அமுக்கினால் 24-தான் இனி அதற்குச் சரி.

வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிவந்த சூட்டில், பங்கில் 33 என்று பிடித்துவிட்டுப் போவதும் இதன் உடன்பிறப்புதான். மறுநாள் விடியற்காலையில் அது 29, 30-ல் நிற்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு ஆறிய டயருக்கானது.

சிவப்பு ஆயில் விளக்கோடு அடுத்த பங்க் வரை போவது

அது ஆயிலின் அளவைச் சொல்லும் விளக்கு இல்லை, அழுத்தம் இல்லை என்று சொல்லும் விளக்கு. அங்கேயே எஞ்சினை ஆஃப் செய்யுங்கள்.

முன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அப்படியே ஓட்டிப் போவது

இத்தனை வருடமாகியும் எரிச்சல் தீராத தவறு இது. முன்னால் போகும் டிப்பரிலிருந்து தெறித்த ஜல்லி கண்ணாடியில் சின்ன நட்சத்திரமாக விழுகிறது. மதிய வெயிலில் நின்ற வண்டியில் ஏசியைப் போட்டதும் அது கோடாக ஓடுகிறது. கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸில் தேய்மானக் கழிவு கிடையாது, அதனால் யோசிக்காமல் மாற்றிவிடுகிறார்கள். ஆள் வீட்டு வாசலுக்கே வந்து, பழைய கண்ணாடியில் இருந்த கேமராவைக் கழற்றிப் புதியதில் சொருகி, வயரை மாட்டிக் கொடுக்கிறார். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் இல்லை. வைப்பர் பிளேடு மாற்றியதுபோல வேலை முடிந்துவிட்டது.

வேலை பாதிகூட முடியவில்லை. உள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கேமராதான் லேன் கோட்டையும் முன்னால் போகும் வண்டியையும் ஆளையும் பார்க்கிறது. தனக்கு நேர் முன்னால் என்பது எந்தத் திசை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். 1 டிகிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் அந்தப் பிழை ஏறத்தாழ 1.75 மீட்டர். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர், அதாவது பாதி லேன் தள்ளிப் பார்க்கிறது. பக்கத்து லேனில் போகும் லாரியை உங்கள் லேனில் போவதாக நினைத்து பிரேக் போடலாம். உங்கள் லேனில் இருப்பதைப் பக்கத்து லேனில் விட்டுவிடவும் செய்யலாம். மேலும் கீழும் சாய்ந்திருந்தால் இன்னொரு தொல்லை: ஒற்றைக் கேமரா, முன்வண்டியின் டயர் சாலையைத் தொடும் இடம் படத்தில் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் வைத்தே தூரத்தைக் கணிக்கிறது. அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

1 டிகிரி சாய என்ன வேண்டும்? கேமராத் தாங்கி 6 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை 1 மி.மீ. தூக்கி ஒட்டப்பட்டிருந்தால் போதும். விலை குறைவு என்று மாற்றுக் கண்ணாடி போடும்போது கவனிக்க வேண்டியது அதன் பளபளப்பை அல்ல, இந்தத் தாங்கியையும், கேமரா பார்க்கும் அந்தத் துண்டில் படம் நெளியாமல் தெரிகிறதா என்பதையும்தான்.

விளக்கு ஏன் வரவில்லை? கரன்ட் வருகிறது, கண்ணாடி சுத்தமாக இருக்கிறது, படம் தெரிகிறது. கேமரா தன்னைச் சோதித்துக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். கேலிபரேஷன், அதாவது நேர் திசையைக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, தேவை என்று தானாகவே செய்தி காட்டும் கார்களும் உண்டு, ஓரளவு சாய்வைத் தானே திருத்திக்கொள்ளும் கார்களும் உண்டு. உங்கள் கார் அந்த வகை என்று எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். கண்ணாடியைக் கழற்றும் முன்பே கேமரா கேலிபரேஷன் எஸ்டிமேட்டில் தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். பில் போட்ட பிறகு சேர்க்கச் சொன்னால் இன்ஷூரன்ஸோடு இழுபறிதான். கேலிபரேஷன் இரண்டு விதம். ஒன்று, மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, கம்பெனி சொன்ன தூரத்தில், வண்டியின் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு குறிப்பலகையை வைத்துச் செய்வது. அதற்கு முன் நான்கு டயரிலும் சரியான காற்று இருக்க வேண்டும், டிக்கியில் சாமான் இருக்கக் கூடாது, வீல் அலைன்மென்ட் சரியாக இருக்க வேண்டும். மற்றது, ஸ்கேனரை மாட்டியபடியே லேன் கோடு தெளிவாக உள்ள சாலையில், சொல்லப்பட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது. மழையிலும் கோடு அழிந்த சாலையிலும் இது நடக்காது. எந்தக் காருக்கு எது என்று கம்பெனியின் சர்வீஸ் குறிப்பில் இருக்கும், சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். முடிந்ததும் ஸ்கேனரின் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்து வாங்குங்கள். “முடிஞ்சுது சார், எடுத்துட்டுப் போங்க” என்பது ரிப்போர்ட் ஆகாது.

அடுத்து, பகலில், கூட்டமில்லாத நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மீட்டரில் இடது வலது லேன் கோடுகள் இரண்டும் வருகின்றனவா? லேனின் நடுவில் போகும்போதே ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கிறதா? அட்டைப் பெட்டியை நிறுத்தி ஆட்டோ பிரேக்கைச் சோதிக்கும் வீரம் மட்டும் வேண்டாம்.

இதே கதை பம்பரிலும் உண்டு. ரேடார் கிரில்லுக்குப் பின்னாலோ முன் பம்பருக்குள்ளோ இருக்கும், பக்கக் கண்ணாடியில் தெரியாத இடத்தைப் பார்க்கும் பிளைண்ட் ஸ்பாட் ரேடார்கள் பின் பம்பரின் மூலைகளில். இவற்றின் அலைநீளம் மிகச் சிறியது. மூலையில் கீறல் விழுந்தது என்று பட்டி பார்த்து, மேலே மெட்டாலிக் பெயின்ட்டை இரண்டு மூன்று கோட் அடித்தால் சிக்னல் மங்கும், விலகும். பம்பரைக் கழற்றி மாட்டும்போது பிராக்கெட் வளைந்தாலும் அதே கதிதான். முன்னால் கம்பி கார்டு மாட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதியதே 2017-ல். ஸ்பிரிங் மாற்றி உயரம் கூட்டுவது, பெரிய வீல் போடுவது எல்லாமும் கேமராவின் பார்வையை மாற்றும்.

நிற்கும் லாரிக்கும் க்ரூஸ் நிற்கும் என்று நம்புவது

முன்வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ், ஓடும் வண்டியைப் பின்தொடர்வதற்காக வந்தது. ரேடாருக்கு மேம்பாலம், சைன் போர்டு, டிவைடர் கம்பி எல்லாமே நிற்கும் பொருள்தான். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டியே ஓட்ட முடியாது. அதனால் வேகத்தில் போகும்போது நிற்கும் பொருள்களில் பலவற்றை அது கணக்கிலேயே எடுக்காது. கேமரா துணைக்கு இருந்தாலும் இதற்கு எல்லை உண்டு என்று மேனுவலே எச்சரிக்கும். நம் நெடுஞ்சாலையிலோ லாரி பஞ்சரானால் பின்னால் நாலு கல்லும் ஒரு மரக்கிளையும்தான் எச்சரிக்கை. முன்னால் போன கார் கடைசி நொடியில் விலக, உங்கள் முன் அந்த லாரி திடீரென்று முளைக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போய்க்கொண்டிருப்பீர்கள்.

இடைவெளியை மிகக் கூடுதலாக வையுங்கள். பைக் குறுக்கே நுழையத்தான் செய்யும், நுழையட்டும். டோல்கேட், பைபாஸ் சந்திப்பு வருவதற்கு முன்பே க்ரூஸை அணைத்துவிடுங்கள். 100-ல் செட் செய்துவிட்டு ஒரு பஸ்ஸின் பின்னால் 50-ல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பஸ் சர்வீஸ் ரோட்டில் இறங்கினால், கார் தானாகவே 100-க்குப் பாயும். இதில் பயந்து ஸ்டீயரிங்கை ஒடித்தவர்கள் நிறைய.

ஸ்டீயரிங் இழுக்கிறது என்று எல்லாவற்றையும் ஆஃப் செய்வது

பெரும்பாலும் இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறும்போதுதான் இழுக்கும். போட்டுப் பழகுங்கள். ஊருக்குள் லேன் உதவியை மட்டும் நிறுத்தலாம், ஆட்டோ பிரேக்கைத் தொட வேண்டாம்.

பிரேக் ஆயில் ஊற்றி விளக்கை அணைப்பது

பிரேக் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆகவே விளக்கு வந்தால் முதலில் பேடையும் கசிவையும் பாருங்கள். பேட் மாற்றாமல் ஊற்றினால், புதுப் பேட் போடும் நாளில் அது வழிந்து பெயின்ட்டைத் தின்னும். டாட் 3, டாட் 4 என்று மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.

டீசலில் டிபிஎஃப் விளக்கைக் கண்டதும் எஞ்சினை அணைப்பது

இந்த ஒன்றுக்கு நிறுத்தக் கூடாது, ஓட்ட வேண்டும். டிபிஎஃப் என்பது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர். அதில் சேர்ந்த கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மேனுவலில் சொன்ன வேகத்தில் நெடுஞ்சாலையில் தொடர்ந்து 15, 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். பாதியில் பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு கூடிக்கொண்டே போகும்.

சீட் பெல்ட் சத்தத்துக்கு கிளிப் சொருகுவது

தூக்கி எறியுங்கள்.

எரியாத விளக்கைக் கவனிக்காதது

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் ஒருமுறை எரிந்து சில நொடியில் அணைய வேண்டும், செக் எஞ்சின் பெரும்பாலான கார்களில் எரிந்தபடி நிற்கும். ஏர்பேக் விளக்கு அணையவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். சீட் கவர் போடும்போது அடிக்கடி நடப்பது அது. விளக்கு எரியவே இல்லை என்றால், வெடித்த ஏர்பேக்கை மறைக்க யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம். ஸ்கேனரை மாட்டிப் பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.