கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும்: ஓவெர்ன் எரிமலைகளில் நான்கு நாள் சைக்கிள்

பிரான்ஸின் நடுவில் இருக்கும் ஓவெர்ன் மலைநாட்டுக்கு முதல் தடவை போனபோது என்னிடம் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. ஜூலை மாதம். கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து ஏறி, ப்யுய் த தோம் எரிமலையைச் சுற்றி வருவதற்குள் பாட்டில் காலி. எங்கு பார்த்தாலும் பச்சை, ஓடை மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அங்கே மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் எரிமலைச் சாம்பலும் ஓட்டை ஓட்டையான கல்லும். பெய்கிற மழை முழுக்க உள்ளே இறங்கி, மலையடிவாரத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. பாட்டிலில் விற்கும் வால்விக் தண்ணீர் அப்படிக் கிடைப்பதுதான். மேலே மிதித்துக்கொண்டு போகிறவனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

அதனால் இரண்டு பெரிய பாட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். நிரப்புவதற்குக் கல்லறைத் தோட்டம் தேடுங்கள். சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். கடைகள் மதியம் இரண்டு மூன்று மணிநேரம் சாத்திவிடுவார்கள், திங்கட்கிழமை பல ஊர்களில் திறப்பதே இல்லை. ஆனால் ஊர்க்கோடியில் கருங்கல் மதில் போட்ட கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவு சும்மா சாத்தியிருக்கும். உள்ளே போனால் பூச்செடிகளுக்கு ஊற்றும் வாளிகள் வரிசையாகத் தொங்கும், பக்கத்திலேயே குழாய். ‘நோன் பொத்தாப்ல்’ என்று பலகை இருந்தால் குடிக்க ஆகாது. முகம் கழுவலாம், அதுவும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல்.

இனி வழி. பாரிஸிலிருந்து கிளெர்மோனுக்கு நேர் ரயில் உண்டு, சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். ப்யுய் த தோம் உச்சிக்கு (1,465 மீ) மிதித்து ஏறும் ஆசையை விட்டுவிடுங்கள். 2012 முதல் அங்கே பல்சக்கர ரயில் ஓடுகிறது, சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2023-இல் டூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்காக விட்டார்கள், நமக்கு விடமாட்டார்கள்.

முதல் நாள் சேசா கணவாய், ஓர்சிவால், கேரி கணவாய் (1,268 மீ) வழியாக மோன்-தோர். கேரியைத் தொடுமுன் சாலையோரம் நின்று, பள்ளத்தாக்கின் இருபுறமும் எழும் இரண்டு பாறைகளையும் பாருங்கள். எரிமலைக் குழம்பு உறைந்த மிச்சம் அவை. இரண்டாம் நாள் க்ருவா சேன்-ரொபேர் கணவாய் (1,451 மீ) ஏறி, ஷாம்போன் ஏரிக்கு இறங்கி, பெஸ் ஊரில் தங்கல். தூரம் குறைவுதான், வேண்டுமென்றே அப்படி வைத்தேன். மூன்றாம் நாள் கோந்தா, அலாஞ்ச் வழியாக மியூரா, 70 கி.மீ. சொச்சம். மரமே இல்லாத எரிமலைப் பீடபூமி, எதிர்க்காற்று அடித்தால் சமதளமே ஏற்றமாகிவிடும். செம்பழுப்பு நிற சலேர் மாடுகள் கொம்பை வளைத்துக்கொண்டு நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும்.

நான்காம் நாள்தான் விஷயமே. பா த பெய்ரோல் கணவாய், ஏறத்தாழ 1,590 மீ. மத்திய மலைத்தொடரிலேயே உயரமான சாலைக் கணவாய் இதுதான். குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடிக்கிடக்கும். மியூராவிலிருந்து தியென் வழியாக, கிழக்கிலிருந்து ஏறுங்கள், சாலை பொறுமையாக உயரும். நான் முதல் தடவை மேற்கே சலேர் பக்கமிருந்து போனேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றம். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன், பின்னாலிருந்து ஒரு பாட்டியம்மா மின்சைக்கிளில் ‘போன்ஜூர்’ சொல்லிக் கடந்து போனார். பின்பக்க கியரில் 34 பல் கொண்ட பெரிய பல்சக்கரம் போட்டிருந்தால் மிதிப்பது லேசாகித் தப்பித்திருப்பேன். சுமை ஏற்றிப் போகிறவர்கள் அதிலும் பெரிதாகப் போடுங்கள்.

காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். கோடையில் அங்கே மேகம் மதியத்துக்கு மேல்தான் திரளும், பிறகு இடி. மொட்டை மேட்டில் உயரமாக நிற்பது நீங்களும் உங்கள் சைக்கிளும் மட்டும்தான். பதினோரு மணிக்கே வெள்ளை மேகம் காலிஃப்ளவர் மாதிரி மேலே மேலே அடுக்கிக்கொண்டு போனால் ஏறாதீர்கள். கீழேயே உட்கார்ந்து த்ருஃபாத் சாப்பிடுங்கள், உருளைக்கிழங்கும் இளஞ்சீஸும் நூல் நூலாக இழுபடும். சைவர்கள் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள்.

மறுபக்கம் மாந்தாய் வழியாக ஒரியாக் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தான். பிரேக்கைப் பிடித்தபடியே போகாதீர்கள், சூடேறிவிடும். வளைவுக்கு முன் இறுக்கிப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். வேர்த்த உடம்பில் குளிர்காற்று அடிக்கும் என்பதால், மியூராவில் காலையில் ஒரு செய்தித்தாள் வாங்கி முதுகுப் பையில் செருகியிருந்தேன். உச்சியில் அதை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒரியாக்கில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது படிக்கலாம் என்று எடுத்தால், முதல் பக்கம் என் பனியனில் அச்சாகியிருந்தது.